1930களில் இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள்: ஊதா மருந்து, டான்சில், பேன் பார்க்கும் நர்ஸ். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

நாஞ்சில்_மதினி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். இரண்டு வருடமாக இங்கிலாந்தில், லங்காஷயரில் பழைய பஞ்சாலை ஊர் ஒன்றில், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். நான் பார்த்துக்கொள்கிறவர்களில் ஒரு பாட்டிக்கு வயது 97. காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தெரியாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் துல்லியமாக வரும். அவர் பள்ளியில் சேர்ந்தது 1933. அப்பாவுக்கு நெசவு மில்லில் வேலை போயிருந்த காலம்.

பிரச்சினை சீப்பில்தான். குளிக்க வருவார், உடுப்பு மாற்ற விடுவார், நகம் வெட்டக்கூடக் கையை நீட்டுவார். தலை சீவ சீப்பை எடுத்தேனோ இல்லையோ, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிடுவார். அதுவும் நான் சீருடையில் இருந்தால்தான். ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து ஸ்வெட்டரோடு போனபோது ஒன்றும் சொல்லவில்லை. "எங்கள் வீட்டில் பேன் கிடையாது, அம்மாவிடம் கேட்டுப் பார்" என்று ஒரு தடவை அழுதேவிட்டார்.

அவர் விட்டுவிட்டுச் சொன்னதைக் கோத்துப் பார்த்தால் இவ்வளவு தேறுகிறது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு நர்ஸ் வருவாராம், பேர் "நிட் நர்ஸ்". வகுப்பில் சில பிள்ளைகளுக்கு முகமெல்லாம் ஊதா நிறத்தில் இருக்குமாம், அவர்களோடு யாரும் சேரமாட்டார்களாம். பாட்டிக்கும் இரண்டு அக்காமாருக்கும் ஒரே நாளில் டான்சில் எடுத்தார்களாம், துண்டு வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டுமாம். தம்பிக்கு ஏதோ மிஷின் வைத்துத் தலைமுடி முழுக்கக் கொட்டிப்போய், மூன்று மாதம் குல்லாயோடு திரிந்தானாம். அப்புறம் ஒரு அறையில் கறுப்புக் கண்ணாடி போட்டு, உடுப்பில்லாமல் விளக்கைச் சுற்றி உட்கார வைத்தார்களாம். கடைசியில் சொன்னதைக் கேட்டபோது பாட்டி கனவையும் நினைவையும் குழப்புகிறாரோ என்று தோன்றியது.

இதெல்லாம் நிஜமா? நிஜமென்றால் அந்தச் சீப்பு விஷயத்தில் நான் என்ன செய்யலாம்?

*

வடமராட்சி_அக்கா பதில்:

தங்கச்சி, உங்கள் பாட்டி ஒன்றையும் குழப்பவில்லை. விளக்கு உட்பட அத்தனையும் நடந்ததுதான்.

நான் பருத்தித்துறையில் பிறந்து, 1970இல் இங்கே தாதிப் படிப்புக்கு வந்தவள். 1974இல் லண்டனுக்கு வெளியே பள்ளித் தாதியாகச் சேர்ந்தேன். அந்த வருஷம் ஏப்ரலில்தான் பள்ளி மருத்துவ சேவை கல்வி அலுவலகங்களின் கையிலிருந்து தேசிய மருத்துவ சேவையின் கைக்கு மாறியது. என்னைப் பழக்கிய மூத்த தாதி 1938இல் வேலைக்குச் சேர்ந்தவர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. நான் எழுதுவதில் பாதி அவர் தேநீர் நேரத்தில் கதைத்தது.

முதலில் சீப்பு. நிட் என்றால் ஈர். பேன் போனாலும் முடியில் ஒட்டிக்கொண்டு வெள்ளையாக நிற்குமே, அது. தாதி பள்ளிக்கு வரும் நாளில் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். மேசையில் எனாமல் கிண்ணம், அதில் கிருமிநாசினித் தண்ணீர், அதற்குள் எஃகுச் சீப்பு. தாதி உட்கார்ந்திருப்பார், பிள்ளை முதுகைக் காட்டி நிற்கும். பேன் முதலில் குடியேறுவது காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான். அதனால் கை நேரே அங்கே போகும். முடியைத் தூக்கிப் பார்த்து, ஒரு சீவு சீவி, சீப்பைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு "அடுத்த ஆள்". ஒரு பிள்ளைக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. உங்கள் பாட்டி தலையைப் பொத்தாமல் காதைப் பொத்துகிறாரே, ஏன் என்று விளங்குகிறதா? தாதி கை வைத்த இடம் அது.

பேன் இருந்தால் அப்போதே ஒன்றும் சொல்லமாட்டார்கள். பிள்ளையின் கையில் ஒரு உறை கொடுத்து அனுப்புவார்கள். உறை யாருக்குப் போனது என்று வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கும் வீட்டில் அசையாவிட்டால் சட்டம் இருந்தது. 1908ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சட்டத்தின்படி பெற்றோருக்கு எழுத்தில் அறிவித்து 24 மணி நேரம் தருவார்கள். அதற்குள் சுத்தம் செய்யாவிட்டால் அதிகாரிகளே பிள்ளையைக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்யலாம். கொண்டுபோனால் முடியை ஒட்ட வெட்டிவிடுவார்களோ என்பதுதான் பிள்ளைகளின் பயம். நீள முடிக்காரப் பெண்பிள்ளைகளுக்கு அதைவிட அவமானம் வேறு இல்லை.

அந்த மூத்த தாதி ஒன்று சொல்வார்: "நாங்கள் வரும் நாள் ஊருக்கே தெரியும். முதல்நாள் இரவு ஒவ்வொரு அம்மாவும் மண்ணெண்ணெயும் சீப்புமாக அடுப்படியில் இருப்பாள். நாங்கள் பார்த்தது பிள்ளைகளின் தலையை இல்லை, அம்மாமாரின் முதல்நாள் உழைப்பை." அவர் சொன்னது சரியென்று பிறகு தெரிய வந்தது. 1939 செப்டெம்பரில் போருக்குப் பயந்து நகரத்துப் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பியபோது, தலை நிறையப் பேன் என்று கிராமத்து வீட்டுக்காரர்கள் போட்ட கூச்சல் கொஞ்சமில்லை. கென்னத் மெல்லன்பி என்ற பூச்சியியல் ஆய்வாளர் பள்ளிக் கணக்கை நம்பாமல் வேறு வழியில் போனார். தொற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் திடீரென்று சேர்க்கப்படும் பிள்ளைகளின் பதிவேடுகளைப் பார்த்தார். காய்ச்சல் வந்து தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளைக்கு முதல்நாள் இரவு யாரும் தலை சீவி வைத்திருக்க மாட்டார்கள் அல்லவா? பெரிய தொழில் நகரங்களில் சிறுமிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பேன் இருந்தது. பள்ளி அறிக்கைகள் சொன்னது அதைவிட மிகவும் குறைவு.

ஊதா முகம்: அது ஜென்ஷன் வயலட். உங்கள் ஊரிலும் வாய்ப்புண்ணுக்குத் தடவியிருப்பார்களே, நாக்கு இரண்டு நாள் நாவற்பழம் தின்ற மாதிரி இருக்கும். இங்கே வாயோரமும் மூக்கோரமும் வரும் சீழ்க் கொப்புளத்துக்கு, பொருக்குக் கட்டி மஞ்சளாக நிற்குமே, அதற்குப் போட்டார்கள். அதற்கு முன்னால் பாதரசம் சேர்ந்த வெள்ளைக் களிம்பு. எண்ணெயில் ஊறவைத்துப் பொருக்கை உரித்துவிட்டுப் பூச வேண்டும். பெனிசிலின் வராத காலம். அந்தக் கொப்புளம் ஒரு பிள்ளையிலிருந்து பத்துப் பிள்ளைக்குத் தாவும். வீட்டில் ஒரே துவாய், ஒரே கட்டிலில் நான்கு பேர் என்றால் கேட்கவா வேண்டும்? ஊதா நிறம் மருந்துதான், ஆனால் கழுவினாலும் போகாத அடையாளமும் அதுவே. பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

கொடுமையாக மட்டும் எழுதிவிட்டேன் போலிருக்கிறது. காதைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளி கிளினிக் உண்மையில் வேலை செய்தது அங்கேதான் என்பது என் எண்ணம். தட்டம்மைக்கும் செங்காய்ச்சலுக்கும் பிறகு காதில் சீழ் வடிவது அப்போது ஏராளம். அம்மாமார் ஒரு பஞ்சை அடைத்து அனுப்புவார்கள். அடைத்த பஞ்சு உள்ளேயே இருந்து நாறும். வகுப்பில் பின் பெஞ்சில் "மந்தம்" என்று பெயர் வாங்கிய பிள்ளைகளில் சிலருக்குக் காது கேட்காததுதான் குறை. கிளினிக்கில் தாதி என்ன செய்வார் தெரியுமா? மெல்லிய குச்சியில் பஞ்சைச் சுற்றி, சீழை ஒற்றி எடுப்பார். பஞ்சு உலர்ந்து வரும் வரை ஒன்று மாற்றி ஒன்று. பிறகு போரிக் அமிலம் கலந்த ஸ்பிரிட் சொட்டு. மறுநாள் திரும்ப வா. அதற்கு மறுநாளும் வா. ஆறு வாரம், எட்டு வாரம். மருந்தின் விலை ஒரு பென்னிகூட இராது, தேவைப்பட்டது தினமும் வந்து குனியும் ஒரு ஆள். குடும்ப டாக்டருக்குக் காசு கட்டி ஒரு காதுக்கு நாற்பது தடவை போக எந்த நெசவாளியால் முடியும்? அந்த மூத்த தாதி என் கையைப் பிடித்து அந்தக் குச்சியில் பஞ்சு சுற்றக் காட்டித் தந்தார். நுனியில் பஞ்சு குச்சியைத் தாண்டி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் செவிப்பறையில் குத்தும். நான் சேர்ந்த காலத்தில் அது தேவைப்படவே இல்லை. ஆனாலும் காட்டித் தந்தார்.

சீப்புக்கு வழி: அவருக்குப் பின்னால் நிற்காதீர்கள். முன்னால் உட்கார்ந்து, சீப்பை அவர் கையிலேயே கொடுங்கள். கிண்ணம், தட்டு எதையும் பக்கத்தில் வைக்காதீர்கள். தலையை முடிக்க முடியாவிட்டால் ஈரத்துணியால் ஒற்றிவிட்டு விட்டுவிடுங்கள், ஒன்றும் ஆகிவிடாது.

*

தொண்டை_டாக்டர் பதில்:

மதுரையில் காது மூக்கு தொண்டை பார்க்கிறேன். டான்சில் என் துறை என்பதால் உள்ளே வருகிறேன். அக்கா எழுதிய பஞ்சுக் குச்சிக்கு முதலில் ஒரு கும்பிடு. காதை உலரவைப்பதுதான் பாதி வைத்தியம் என்று இன்றைக்கும் நாங்கள் மாணவர்களுக்குச் சொல்கிறோம்.

மூன்று அக்கா தங்கச்சிக்கு ஒரே நாளில் எடுத்தது அன்றைக்கு ஆச்சரியமே இல்லை. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே பள்ளிப் பிள்ளைகளுக்கு அதிகமாக நடந்த அறுவைச் சிகிச்சை இதுதான். டான்சிலில் ஒளிந்திருக்கும் கிருமிதான் மூட்டுவலி முதல் இதயக் கோளாறு வரை எல்லாவற்றுக்கும் மூலம் என்று ஒரு கோட்பாடு அப்போது கொடிகட்டிப் பறந்தது. சளி பிடிக்கிறதா, எடு. எடை ஏறவில்லையா, எடு. வாயால் மூச்சு விடுகிறதா, மூக்கின் பின்சதையையும் சேர்த்து எடு. ஈத்தைல் குளோரைடு முகமூடியில் சில நிமிட மயக்கம், கில்லட்டின் என்றே பேர் வைத்த கருவி, வேலை முடிந்தது. பிள்ளையைப் போர்வையில் சுற்றி அன்றைக்கே அனுப்பிவிட்ட இடங்களும் உண்டு. ரத்தம் துடைக்கத்தான் அந்தத் துண்டு.

இதில் ஒரு சுவையான கணக்கு. 1934இல் நியூயார்க்கில் 11 வயதுப் பிள்ளைகள் 1,000 பேரைப் பார்த்தார்கள். 611 பேருக்கு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. மிச்சம் 389 பேரைப் பள்ளி டாக்டர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று தப்பிய 215 பேரை வேறு டாக்டர்களிடம் காட்டினார்கள். அவர்களில் 99 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். அதிலும் தப்பிய 116 பேரை இன்னொரு குழுவிடம் அனுப்பினால், அவர்களிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் கத்தி. கடைசியில் 65 பேர் மிஞ்சினார்கள். அதற்கு மேல் காட்ட டாக்டர் இல்லாததால் அவர்கள் டான்சில் பிழைத்தது. யாரிடம் காட்டினாலும் பாதிக்குப் பாதி! நோயைப் பார்த்துச் சொன்னதல்ல அது, பழக்கத்தில் கை எழுதியது.

இங்கிலாந்துக்கும் இதே கதைதான். பள்ளி மருத்துவ சேவையில் மூத்த அதிகாரியாக இருந்த அலிசன் குளோவர் 1938இல் ஒரு கட்டுரை வாசித்தளித்தார். பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஒரே மாதிரிப் பிள்ளைகள், ஆனால் ஓர் ஊரில் டான்சில் எடுப்பது இன்னோர் ஊரைவிடப் பல மடங்கு. வறுமை, நெருக்கடி, குளிர், எதை வைத்தும் விளக்க முடியவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல். லண்டனுக்கு வடக்கே ஹார்ன்சியில் 1929இல் பள்ளி மருத்துவ அதிகாரி மாறினார். அதன்பிறகு டான்சில் எடுக்கும் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. பிள்ளைகளுக்கு அதனால் கெடுதல் வந்ததாகவும் காணோம். ஊரே மாறவில்லை, ஒரு டாக்டர்தான் மாறினார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சில நிமிட மயக்கத்தில் போன பிள்ளைகளும் இருந்தார்கள். தேவையே இல்லாத ஒன்றுக்காக. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது என் முதல் வருடத்தில் நானும் "அம்மா கேட்கிறார், எடுத்துவிடலாம்" என்று எழுதிய சீட்டுகள் உண்டு. அதனால் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிற தகுதி எனக்குப் பாதிதான்.

*

பழைய_பேப்பர்_கடை பதில்:

எல்லாம் சரி, வெள்ளைக்காரன் பிள்ளைப் பாசத்தில் இதை ஆரம்பித்தான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு (1899-1902) ஆள் எடுக்கப் போனபோது வந்தவர்களில் பலர் தேறவில்லை. பேரரசைக் காக்கச் சிப்பாய்க்கு எங்கே போவது என்று பயம். 1904இல் உடல் சீர்கேடு பற்றி ஒரு குழு அறிக்கை, 1906இல் பள்ளிச் சாப்பாட்டுச் சட்டம், 1907இல் மருத்துவப் பரிசோதனைச் சட்டம். அதுவும் பரிசோதனைதான் கட்டாயம், வைத்தியம் உள்ளூர்க்காரர் விருப்பம். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியத்துக்கும் ஏற்பாடு செய்தாக வேண்டும் என்று ஆனது 1918இல். வசதி உள்ள பெற்றோரிடம் காசு வசூலிக்க 1909இலேயே சட்டம். முழுக்க இலவசம் 1944 சட்டத்துக்குப் பிறகு.

அதே காலத்தில் நம் பக்கத்தில் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம்விளக்கில் ஒரு பள்ளியில் மதிய உணவு போட்டது. தலைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. சில வருடத்தில் அரசு அந்தச் செலவை ஒப்புக்கொள்ளாமல் நின்றுபோனது. லண்டனில் சிப்பாய் வேண்டும், இங்கே வேண்டாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

*

வடமராட்சி_அக்கா பதில்:

தம்பி சொல்வதை மறுக்கமாட்டேன். ஆனால் சட்டம் எதற்கு வந்தது என்பது ஒன்று, எனாமல் கிண்ணத்தோடு பேருந்தில் போன பெண்ணின் மனம் வேறொன்று. மார்கரெட் மெக்மில்லன் என்ற அம்மா பிராட்ஃபோர்டில் தொடங்கி, 1910இல் லண்டன் டெப்ட்ஃபோர்டில் பிள்ளைகளுக்கு கிளினிக் நடத்தினாரே, அவர் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கவா நடத்தினார்? குணமான பிள்ளை அதே நாற்ற வீட்டுக்குத் திரும்பிப் போய் அதே புண்ணோடு வருகிறதே என்று, தோட்டத்தில் இரவு முகாமே வைத்துத் திறந்தவெளியில் படுக்க வைத்தவர்.

தங்கச்சி கேட்ட மற்ற இரண்டுக்கும் வருகிறேன்.

பாட்டியின் தம்பியின் தலை: அது படர்தாமரை, தலைமுடிக்குள் வரும் வகை. இன்றைக்கு மாத்திரை இருக்கிறது. 1958இல்தான் அந்த மாத்திரை வந்தது. அதற்கு முன்னால் பூசும் மருந்து வேருக்குள் இறங்காது, பிள்ளை ஒரு வருஷம் இரண்டு வருஷம் பள்ளிக்கு வெளியே. பாரிஸில் சபூரோ என்ற டாக்டர் 1904 வாக்கில் எக்ஸ்ரேயால் முடியைக் கொட்ட வைக்கும் வழியைக் கண்டார். நோய் பிடித்த முடியோடு பூஞ்சையும் போய்விடும். தலையை ஐந்து இடமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் கதிர். அளவு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பக்கத்தில் ஒரு சின்ன வில்லை வைப்பார்கள். கதிர் பட்டுப் பட்டு அது பச்சையிலிருந்து பழுப்பாகும். குறித்த நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும். கண்ணால் பார்த்துத்தான்! மூன்று வாரத்தில் முடி கொத்தாக வரும், இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப முளைக்கும். நிறம் பார்ப்பதில் பிசகினால் முளைக்கவே முளைக்காது. குல்லாய்ச் சங்கதி அதுதான். அன்றைக்கு அது பெரிய வெற்றி, பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். பிறகு இஸ்ரேலில் 1950களில் இதே முறையில் கதிர் வாங்கிய ஏறக்குறைய 11,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தபோது மூளைக் கட்டியும் தைராய்டுப் புற்றும் கூடுதலாக வந்தது தெரிந்தது. அந்த முடிவு 1974இல் வெளியானது. நான் வேலைக்குச் சேர்ந்த அதே வருஷம். மூத்த தாதியிடம் அதைச் சொன்னபோது அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நான் எத்தனை பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்" என்றார். பிறகு நாங்கள் அதைக் கதைக்கவில்லை.

விளக்கு: செயற்கைச் சூரிய வெளிச்சம். கால் வளைந்த பிள்ளைகளுக்கும் சோனிப் பிள்ளைகளுக்கும். மில் புகை மூடிய ஊரில் வெயில் ஏது? கறுப்புக் கண்ணாடி கண்ணைக் காக்க. கூடவே மீன் எண்ணெய் ஒரு கரண்டி. உண்மையில் கரண்டி எண்ணெயே போதும், விளக்கு பார்க்க அழகு.

ஆனால் இவ்வளவு செய்த சேவை பசிக்கு என்ன செய்தது என்று பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மில் மூடிய வருஷங்களில் தலைமை மருத்துவ அதிகாரி ஜார்ஜ் நியூமன் வருஷா வருஷம் பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று அறிக்கை எழுதினார். 1930களின் நடுவில் போஷாக்குக்கு நான்கு வகுப்பு வைத்தார்கள்: மிக நன்று, சராசரி, சற்றுக் குறைவு, மோசம். டாக்டர் பிள்ளையைப் பார்த்த பார்வையில் போட வேண்டும். எல்லாப் பிள்ளையும் ஒல்லியாக இருக்கும் ஊரில் சராசரி எது? அந்த ஊர் ஒல்லிதான் சராசரி. டான்சிலில் நடந்தது இங்கே தலைகீழாக நடந்தது. அங்கே இல்லாத நோயைக் கண்டார்கள், இங்கே இருந்ததைக் காணவில்லை. 1936இல் ஜான் பாய்ட் ஓர் என்ற போஷாக்கு ஆய்வாளர், டாக்டரின் கண்ணை விட்டுவிட்டுக் குடும்பங்கள் என்ன வாங்கித் தின்கின்றன என்று கணக்கெடுத்தபோதுதான் நாட்டின் பாதிப் பேருக்குச் சாப்பாடு சரியில்லை என்று வெளியே வந்தது.

பாலைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1934 அக்டோபரிலிருந்து பள்ளியில் அரைப் பென்னிக்கு மூன்றில் ஒரு பைண்ட் பால். நம் கணக்கில் 190 மில்லிலிட்டர் அளவு. காசில்லாதவர்களுக்கு டாக்டர் சீட்டு எழுதினால் சும்மா. குளிர்காலத்தில் போத்தலை வெந்நீர்க் குழாய் மேல் வரிசையாக வைத்துச் சூடாக்குவார்களாம். உங்கள் பாட்டியிடம் அதைக் கேட்டுப் பாருங்கள், சீப்பைவிட நல்ல இடத்திலிருந்து பேச்சுத் தொடங்கும்.

*

நாஞ்சில்_மதினி பதில்:

அக்கா, டாக்டர் சார், எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் கழித்து வருகிறேன், தொடர்ந்து நைட் ஷிஃப்ட்.

பாலைப் பற்றிக் கேட்டேன். முகம் மாறிவிட்டது. வெந்நீர்க் குழாயில் வைத்த பால் ஒரு மாதிரி வாடை அடிக்குமாம், மேலே ஏடு கட்டுமாம், அதை ஸ்ட்ராவால் குத்துவதில் போட்டியாம். அரைப் பென்னி இருந்ததா என்று கேட்டேன். "எங்களுக்குச் சீட்டு இருந்தது" என்றார். சீட்டு இருந்ததைச் சொல்லும்போது குரல் இறங்கியது, அதனால் மேலே கேட்கவில்லை.

டான்சில் பற்றியும் சொன்னார். முகமூடியின் வாசனை நினைவிருக்கிறதாம். எழுந்தபோது பக்கத்துக் கட்டிலில் அக்கா வாயோரம் ரத்தத்தோடு இவரைப் பார்த்துச் சிரித்தாளாம்.

சீப்பு: அக்கா சொன்னபடி ஸ்வெட்டரோடு முன்னால் உட்கார்ந்து, அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் தலைக்குக் கொண்டுபோகவில்லை. என்னைத் திரும்பி உட்காரச் சொன்னார். என் கொண்டையை அவிழ்த்து, காதுக்குப் பின்னால் முடியைத் தூக்கி, விரலால் விலக்கிப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு சீவு, அந்தப் பக்கம் ஒரு சீவு. மேசையில் இருந்த டீ கப்பில் சீப்பைப் போட்டார், டீ மிச்சம் இருந்தது.

"அடுத்த ஆள்" என்றார்.

அவருக்கு இன்னும் ஈரத்துணிதான்.